அணியம் தூக்கிய ஜீப்

தொண்டியில் நெய்னா முகம்மது தண்டேலின் ஜீப் வருகிறது என்பதை ஜீப்புக்கு முன்னால் பனைமரங்கள்தான் அறிவிக்கும். மற்ற வண்டிகளின் விளக்கு ரோட்டில் விழும். அவருடைய ஜீப்பின் விளக்கு ரோட்டை ஒரு பொருட்டாகவே மதிக்காது. மக்ரிப் தொழுதுவிட்டு அவர் கடற்கரைச் சாலையில் திரும்பினால் வரிசையாகப் பனங்கொண்டைகள் பளிச்சிட்டுப் பளிச்சிட்டு அணையும். அப்போதுதான் கண்ணசந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று எழுந்து கரையும். "தண்டேலு வாராரு, பிள்ளைகளை உள்ள கூப்புடு" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். ஜீப்பின் சத்தம் அதற்கப்புறம்தான் வரும்.

வெள்ளைக்காரன் போய், அவன் விட்டுப்போன சாமான்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தத்தில் எந்தக் காட்டிலோ ஓடிய ஜீப் ஒன்று, கை மாறி, நிறம் மாறி, கடைசியில் தொண்டிக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காக்காரன் செய்தது, ஸ்டியரிங் இடப்பக்கம். ஊரில் ஜீப் என்றால் அது ஒன்றுதான். ஆகவே அதன் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஜீப்பின் இலட்சணமா, தண்டேலின் இலட்சணமா என்று ஒப்பிட்டுச் சொல்ல யாருக்கும் வழியில்லை.

தண்டேலின் இலட்சணம்தான். தண்டேல் என்றால் தோணித் தலைவர்; முப்பது வருஷம் அவர் பாய்மரத் தோணி ஓட்டியவர். தோணியின் பெயர் காதிரியா. கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போவார்; தேங்காயோடு திரும்புவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மறந்துபோனால் திரும்பப் போய் வாங்கிவரலாம் என்பதுபோல இருந்த யாழ்ப்பாணம், சுதந்திரம் வந்ததும் வெளிநாடாகிவிட்டது. தோணியில் வெங்காயத்தைவிடக் காகிதம் அதிகமாக ஏற்றவேண்டி வந்தபோது தண்டேல் தோணியை விற்றார். நங்கூரத்தையும், முகப்பில் பெயர் எழுதியிருந்த பலகையையும் மட்டும் கொடுக்கவில்லை. நங்கூரம் கொல்லையில் கிடந்தது. பலகை ஜீப்பின் முன்னால் ஏறியது.

பலகையை அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அவருக்குக் குறை தெரிந்தது. ஜீப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் கூத்தையா. நயினார்கோவில் பக்கத்துக்காரர். பர்மாவில் மிலிட்டரி லாரிகளுக்குக் கீழே படுத்தபடியே யுத்தத்தை முடித்து வைத்தவர். அவர் சொல்வதைக் கேட்டால் ஜப்பான்காரன் அவரிடம்தான் சரணடைந்தான் என்று தோன்றும். அவரிடம் தண்டேல் போய் நின்றார்.

"கூத்தையா, அணியம் இப்பிடி அமுங்கிக் கெடந்தா அலை உள்ள ஏறிறாது?"

அணியம் என்றால் தோணியின் முன்முனை. ரோட்டில் அலை ஏது என்று கூத்தையா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாடிக்கைக்காரரை மறுத்துப் பேசுவது தொழிலுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை.

"ஏறத்தான் செய்யும், மரைக்காரே" என்றார்.

ஜீப்பின் முன்னச்சைத் தாங்குவது கமான். வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பட்டை கூடினால் வண்டியின் முன்பக்கம் உயரும்; குறைந்தால் தாழும். கூத்தையா ஒரு பழைய லாரிக் கமானை வெட்டி, இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகச் சொருகினார். கமானின் நுனியை வண்டியோடு கோக்கிற ஷேக்கிளையும் கூடுதல் நீளத்தில் அடித்துப் போட்டார். ஜாக்கியை இறக்கியபோது ஜீப், பாங்கு சொல்லப் போகிறவர் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"இது வண்டி" என்றார் தண்டேல்.

முன்பக்கம் அந்த உயரத்துக்குப் போனதும் ஸ்டியரிங் தன் புத்தியை இழந்தது. நேராக விட்டால் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திருப்பினால் யோசித்துவிட்டு இடப்பக்கம் போகும். வேறு எவனாக இருந்தாலும் கூத்தையாவைத் தேடிப்போய் உதைத்திருப்பான். தண்டேலுக்கோ தோணிச் சுக்கானைப் பிடித்த மாதிரி இருந்தது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கை கொடுத்துப் பழகியவர், ஒரு கணமும் சும்மா இராமல் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே பரம சுகமாக ஓட்டினார். முன்னால் ரோடு தெரியாது. பானெட்டுக்கு மேலே ஆகாயம் தெரியும். ஒரு தண்டேலுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வாரத்தில் ஒரே ஒரு புகார்தான் வந்தது. பனையேறி முனியசாமி கொண்டுவந்தான்.

"தண்டேலு, நா பாட்டுக்கு மரத்து மேல இருக்கேன். சர்க்கார் வெளிச்சம் அடிச்ச மாதிரி மூஞ்சியில அடிக்கிறீக. போலீசுன்னு நெனச்சுக் கலயத்தைக் கீழ போட்டுட்டேன்."

"பதனி எறக்குறவனுக்குப் போலீசு எதுக்குலே?"

முனியசாமி அவசரமாக மரத்துப் பக்கம் நடையைக் கட்டினான். மதுவிலக்கு வந்த புதிது. பதனீர்க் கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் அது கள்ளு. உடைந்துபோன கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா என்பது அவனுக்கும் பனைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஆனால் தண்டேல் ஜீப் வாங்கியது பனங்கொண்டைக்கு விளக்குப் பிடிக்க அல்ல. அவர் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்றே ஒன்று. பக்கத்து இருக்கையில் உம்மு ஹபீபா உட்கார வேண்டும்.

உம்மு ஹபீபா அவர் மனைவி. கல்யாணமான புதிதில் யாழ்ப்பாணத்தில் இருந்த தன் அக்காளுக்கு, அவர்கள் பேச்சில் லாத்தாவுக்கு, பெண்ணைக் காட்ட அவளைக் காதிரியாவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆடாது என்று சொல்லித்தான் ஏற்றினார். கடலைக் கிளப்புகிற கச்சான் காற்று வீசும் பருவம். கரை மறைவதற்குள் புதுப்பெண் கல்யாணச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தாள். தோணியில் வேலைக்கு இருந்த மதார், அன்றைக்கு மீசை அரும்பாத பயல், ஊறுகாய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தான். அவள் வாந்தி எடுத்ததைவிட, எடுத்து முடித்ததும் ஆட்களெல்லாம் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாளாம். ஆனால் உம்மா வீடு தொண்டியில் இருந்ததால், வந்த தோணியிலேயே திரும்பினாள். கரையில் இறங்கியதும் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மச்சான், உங்க தோணியில இனிமே என் காலு படாது."

படவில்லை. முப்பது வருஷத்தில் பாதியைக் கடல் கொண்டுபோயிற்று. அவர் அங்கே ஆகாயத்தைப் பார்த்தார். அவள் இங்கே பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தாள். கரைக்கு வரும்போதெல்லாம் விருந்தாளியைப்போல நல்ல மீனாகப் பார்த்துச் சமைத்துப் போட்டாள். இனி விருந்தாளியாக இருக்க வேண்டாம் என்றுதான் அவர் ஜீப் வாங்கினார்.

முதல் சவாரிக்கு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் ஏறினாள். பக்கவாட்டில் திரை கட்டியிருந்தார். லாரிப் பட்டைகள் சொருகிய முன்கமான் விறைத்துக்கொண்டு நின்றது. பின்கமானோ கிழவன் முதுகுபோலத் துவண்டிருந்தது. பள்ளிவாசல் முக்கில் ஒரு பள்ளம் வந்தது. ஜீப்பின் மூக்கு எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. தண்டேல் ஆனந்தமாக ஸ்டியரிங்கை ஆட்டினார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கினாள். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

"மச்சான், இது தோணி. அடியில சக்கரம் மாட்டுனா எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிவாசல் முக்கு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஊரே அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிற நேரம். அன்றைக்கும் ஆட்களெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறை தண்டேலுக்காக.

இது இப்படி இருக்க, தேவிபட்டினத்திலிருந்து சேதி வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த மகள் சாலிஹா, தன் மகளுக்குக் காது குத்துகிறாள். வரும் வெள்ளிக்கிழமை. வாப்பாவும் உம்மாவும் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

சேதியோடு பாக்கரும் வந்தான். பாக்கர் உம்மு ஹபீபாவின் தம்பி. வில்வண்டியும் இரண்டு மயிலைக் காளைகளும் வைத்திருந்தான். அவற்றை வைத்திருந்ததைவிட அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

"மச்சான், நீங்க ஒங்க கப்பல்ல போங்க. லாத்தாவ நான் வண்டியில கூட்டிட்டு வாரேன். எங்க மாடு வாந்தி வராமக் கொண்டுபோய்ச் சேத்துரும்."

தண்டேல் தேநீரை உறிஞ்சினார். தேவிபட்டினத்துச் சம்பந்திவீட்டு வாசல் அவர் கண்முன்னால் வந்தது. வில்வண்டியில் மனைவி இறங்குகிறாள். பின்னால் வெறும் இருக்கையோடு ஜீப் வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் கூட வராததற்குக் கடலைச் சொல்லலாம். தரையிலும் வரவில்லை என்றால் யாரைச் சொல்வது?

"நாளு இருக்குல்ல, பாப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் கூத்தையாவின் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஜீப்பை நிறுத்தினார்.

"அணியத்தை எறக்கணும், கூத்தையா."

"எறக்கிருவோம். எவ்வளவு?"

"அவுக எறங்கிப் போகாத அளவுக்கு."

கூத்தையா லாரிப் பட்டைகளை உருவினார். பழைய ஷேக்கிளைத் தேடி எடுத்து மாட்டினார். வேலை சுருக்காக முடிந்துவிட்டதே என்ற வருத்தத்தில், கேட்காத ஒரு காரியத்தையும் செய்தார்.

"அமெரிக்காக்காரன் எடதுபக்கக் கமான்ல ஒரு பட்டை கூட வச்சிருந்தான், மரைக்காரே. ஏன் இந்த ஓரவஞ்சனை? ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கிட்டேன்."

நாட்டில் எல்லோரும் சமம் என்று எழுதிப் புதிதாகச் சட்டம் வந்திருந்த நேரம். கமானுக்கும் அது பொருந்தும் என்று கூத்தையா நினைத்ததில் தவறில்லை. தண்டேல் ஏறி உட்கார்ந்தார். ஜீப் இடப்பக்கம் சாய்ந்தது. ஓட்டுகிறவன் இருக்கை இடப்பக்கம். அந்த இருக்கைக்குக் கீழேதான் பெட்ரோல் டாங்கி. பாரமெல்லாம் ஒரே பக்கம். அமெரிக்காக்காரன் ஏன் ஓரவஞ்சனை செய்தான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"அந்தப் பட்டையத் திரும்பப் போடுங்க."

"அத வண்ணான் தன் அடுப்புக்கு முட்டுக் குடுக்கக் கேட்டான், குடுத்துட்டேன். ராம்நாடு போய் வேற பட்டை வாங்கியாரணும். அடுத்த வாரம் ஆகும்."

சாய்ந்தபடியே வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தவரைப் பார்த்தவன் மதார். ஊறுகாய்ச் சட்டியோடு அலைந்த அதே மதார்தான். தோணி போன பிறகு கடைத்தெருவில் தேநீர்க் கடை வைத்திருந்தான். கடையையும் தோணி மாதிரிதான் நடத்தினான், யாரையும் கேட்காமல் இடத்தை மாற்றிவிடுவான்.

"என்ன தண்டேலு, பொட்டி சாயுது? இதுக்குப் போயா யோசிக்கிறீக? அடிபாரம் போட்டுரலாம்."

தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் கல் அடுக்குவது வழக்கம். இரண்டு பேருமாகக் கடற்கரையிலிருந்து நல்ல பவளப்பாறைக் கல்லாக ஒன்று தூக்கிவந்து வலப்பக்கத்து இருக்கையில் வைத்தார்கள். உருளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஜீப் நிமிர்ந்தது. மதார் இடுப்பில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது உம்மு ஹபீபா கோழிக்குத் தீனி போடக் கொல்லைக்கு வந்தாள்.

ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என் எடத்துல உக்காந்திருக்காளே, இவ யாரு?"

"அது கல்லு, ஹபீபா" என்றார் தண்டேல்.

"தெரியுது. எனக்குப் பதிலாவா?"

"ஒரு கனத்துக்காக..."

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. மதார் கடையில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சுவரேறிக் குதித்துப் போனான். கடை அங்கிருந்து அரை மைல். உம்மு ஹபீபா மிச்சத் தீனியை மொத்தமாகக் கோழிகளின் மேல் வீசினாள்.

"பாக்கருட்டச் சொல்லி விடுங்க. வியாழக்கெழம காலையில வண்டியப் பூட்டட்டும்."

தண்டேல் கூத்தையாவிடம் போனார். அடிக்கிற மாதிரிதான் போனார். கூத்தையா வாழ்நாளில் முதல்முறையாக வாடிக்கைக்காரரை மறுத்துப் பேசும்படி ஆயிற்று.

"மரைக்காரே, வெறும் வண்டிக்கு ஒசரம் பாக்குறதே தப்பு. யாரு யாரு ஏறுவாகளோ அவுக ஏறி உக்காந்திருக்கணும். அப்பத்தான் கமான் எவ்வளவு அமுங்குதுன்னு பாத்துப் பட்டைய வைக்கலாம்."

"இத மொதல்லயே சொன்னா என்னவே?"

"நீங்க கேக்கலியே."

தண்டேல் அவரை ஒன்றும் செய்யவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது. காலித் தோணிக்கு அணியம் பார்த்த தண்டேல் உலகத்தில் உண்டா? சரக்கெல்லாம் ஏறி, ஆள் ஏறி, தண்ணீர்ப் பீப்பாயும் ஏறிய பிறகுதானே கரையில் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள்? முப்பது வருஷமாகச் செய்ததைச் சக்கரத்தைக் கண்டதும் மறந்துபோனாரே.

அன்று அவர் கல்லை அவிழ்த்துத் தூக்கிப்போட்டார். சோற்றுக்கு உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல் சொன்னார்.

"எனக்குக் கல்லு வேணாம், ஹபீபா. நீ ஏறி உக்காரணும். வண்டி நகராது. சும்மா உக்காந்தாப் போதும், கூத்தையா ஒசரம் பாத்துக்கிருவான்."

"நகராதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"யாழ்ப்பாணம் போறப்ப ஆடாதுன்னும் நீங்கதான் சொன்னீக."

தண்டேல் அப்போதுதான் சோற்றில் கை வைத்தார். அவள் மீனைத் தட்டில் வைத்தாள். சற்று யோசித்தாள்.

"நங்கூரம் போடுங்க. அப்பத்தான் ஏறுவேன்."

புதன்கிழமை காலையில் கொல்லையில் கிடந்த காதிரியாவின் நங்கூரத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் மண்ணில் புதைத்து, வடத்தை ஜீப்பின் கொக்கியில் கட்டினார்கள். உம்மு ஹபீபா வடத்தை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சுளகு நிறைய முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்டேல் உட்கார்ந்தார். கூத்தையா அன்னிய ஆண் என்பதால் அவளைச் சுற்றித் திரை கட்டியிருந்தது. கூத்தையா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஆனாலும் பேச்சு தண்டேல் வழியாகவே போயிற்று.

"இப்ப எப்பிடி இருக்குன்னு கேளுங்க மரைக்காரே."

"எப்பிடி இருக்கு, ஹபீபா?"

"ஒரு செம்புல தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

தண்டேலே இறங்கிப் போய்ச் செம்பில் விளிம்பு தட்டத் தண்ணீர் கொண்டுவந்தார். அதை பானெட்டின் மேல் வைக்கச் சொன்னாள். அவர் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் தண்ணீர் அவர்களைப் பார்த்து வழிந்தது.

"ஒங்க அணியம் இன்னும் மேலதான் இருக்கு. எறக்கச் சொல்லுங்க."

கூத்தையா ஜாக்கி வைத்து ஒரு பட்டையை உருவினார். இறக்கினார். தண்ணீர் இப்போது முன்பக்கம் வழிந்தது.

"இது கவுந்துருச்சு. குடம் எடுக்கக் குனிஞ்ச மாதிரி இருக்கு."

"இதுக்குக் கீழ போனா அச்சு மேல சட்டத்துல முட்டும்னு சொல்லுங்க மரைக்காரே. போற வழியில காரங்காட்டு உப்பங்கழி மண்ண வழிச்சுக்கிட்டு நிக்கும்."

"முட்டாத மாதிரி வைக்கத்தான் இவர கூப்பிட்டுருக்குன்னு சொல்லுங்க."

தண்டேல் இரண்டையும் சொல்லவில்லை. இருவருக்கும் காது கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

கூத்தையா உருவிய பட்டைக்குப் பதிலாக மெல்லியதாக ஒன்றை அடித்து வளைத்துக்கொண்டு வந்தார். போல்ட்டை முறுக்கினார். ஜாக்கி இறங்கியது. செம்பில் தண்ணீர் விளிம்போடு விளிம்பாக, கண்ணாடி வைத்த மாதிரி நின்றது. தண்டேல் செம்பையே பார்த்தார். பிறகு, வண்டியின் மட்டம் கலைந்துவிடக்கூடாதே என்று இருக்கையிலிருந்து எழாமல், கீழே குரல் கொடுத்தார்.

"அச்சுக்கும் மேல சட்டத்துக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு?"

"எடதுபக்கம் ஒரு சாணு." கூத்தையா ஊர்ந்து அந்தப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. "வலதுபக்கமும் ஒரு சாணுதான்! சாய்வு போயிருச்சு, மரைக்காரே. எடப்பக்கம் நீங்களும் பெட்ரோலும். வலப்பக்கம் அவுக. சரிக்குச் சரி!"

திரைக்கு உள்ளே கீரை உருவுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. தண்டேலும் பெட்ரோலும் சேர்ந்தால்தான் தனக்குச் சமம் என்பதைக் கோபமாக எடுத்துக்கொள்வதா, பெருமையாக எடுத்துக்கொள்வதா என்று அவள் நிறுத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. பெருமை வென்றது. கீரை மறுபடி உருவப்பட்டது.

வேலை முடிந்து கூத்தையா போன பிறகும் அவள் இறங்கவில்லை.

"கீரை முடியட்டும்" என்றாள். பிறகு, "இந்த ரோடு எப்பிடி மச்சான் போகும்? வில்வண்டியில போறப்ப எனக்குப் பின்பக்கந்தான் தெரியும். போன ஊருதான் தெரியும், வார ஊரு தெரியாது."

தண்டேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நங்கூரம் போட்ட ஜீப்பில், கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தா, சோளியக்குடி. தென்ன தெரியுதா? இப்ப மணலு. அங்கன பாரு, காரங்காடு, அலையாத்தி மரமா நிக்கிது. கழிய எறங்கி ஏறுனா உப்பூரு..." கோழிகள் உப்பூரைக் கடந்து போயின. முப்பது வருஷத்தில் அவளோடு அவ்வளவு தூரம் அவர் போனதில்லை.

வியாழக்கிழமை காலையில் பாக்கர் காளைகளுக்குச் சலங்கை கட்டி வாசலில் வந்து நின்றான். உம்மு ஹபீபா வெளியே வந்தாள். வில்வண்டியைப் பார்த்தாள். தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினாள்.

"லாத்தா!"

"பலகாரச் சட்டிய நீ கொண்டா. நான் முன்னாடி போறேன்."

ஜீப் இப்போது ஒழுக்கமாக ஓடியது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் பிடித்த இடத்தில் நின்றது. தண்டேலின் கைகளுக்கு அதுதான் பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒழுங்கான ஜீப் அதற்கும் கீழ்ப்படிந்து ரோட்டில் கோலம் போட்டது.

"மச்சான், கையச் சும்மா வைங்க. அதுக்கு வழி தெரியும்."

கையைச் சும்மா வைத்தார். காரங்காட்டுக் கழியில் தண்ணீர் முழங்கால் அளவு. மூக்கு இறங்கியபோது அவள் அவருடைய சட்டையைப் பிடித்தாள். அடியில் மண் உரசவில்லை. ஒரு சாண் போதுமாக இருந்தது. கரையேறிய பிறகும் சட்டையை விடவில்லை. பிடியில் ஏதோ தட்டுப்பட, அவர் சட்டைப் பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள். வாழையிலையில் மடித்த எலுமிச்சை ஊறுகாய்.

"மதார் குடுத்தானா?"

"அவன்தான்."

"வச்சுக்கோங்க. திரும்புறப்ப சோத்துக்கு ஆகும்."

சம்பந்திவீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றதையும், அதிலிருந்து யார் இறங்கினார்கள் என்பதையும் தேவிபட்டினம் பார்த்தது. பேத்தி காதுகுத்துக்கு அழுததைவிடப் பாக்கர் வண்டி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்ததைத்தான் ஊரார் அதிகம் பேசினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கழியைத் தாண்டி, அலையாத்தி மரங்கள் முடிகிற இடத்தில் வலப்பக்கம் கடல் திறந்துகொண்டது. தண்டேல் கழுத்தை ஒரு தடவை நீட்டினார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை.

"என்ன தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

"மச்சான்."

"முன்ன அணியத்துக்கு மேல ஆகாயம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப ரோடுதான் தெரியுது."

"ரோட்டுல போனா ரோடுதான் தெரியும்" என்றாள். ஆனால் திரையை ஒதுக்கி வெளியே பார்த்தாள். "அந்தா அந்த மணல்மேடு. அதுல மூக்கு ஏறுற மாதிரிக் கொண்டுபோய் நிறுத்துங்க."

புரியாமலேயே கடல் பக்கம் திருப்பினார். முன்சக்கரங்கள் மேட்டில் ஏறின. பின்சக்கரங்கள் கீழே நின்றன.

"போதும். அமத்துங்க."

எஞ்சின் அடங்கியது. ஜீப் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. காதிரியா என்று எழுதிய பலகைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. ஆகாயம், அதற்கடியில் கயிறு கட்டின மாதிரிக் கடல்.

"நிக்கிறப்ப எவ்வளவு வேணும்னாலும் தூக்கிக்கோங்க. ஓடுறப்ப வேணாம்."

தண்டேலின் கை மட்டும் தானாக ஸ்டியரிங்கை ஒருதரம் ஆட்டிவிட்டு நின்றது. அவள் பார்த்துவிட்டு, ஆட்டட்டும் என்று விட்டாள்.

"யாழ்ப்பாணம் எந்தப் பக்கம்?"

காட்டினார். அவள் அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "லாத்தா வீட்டு வாசல்ல ஒரு மாமரம் நின்னுச்சே, இருக்குமா?"

"லாத்தா கண்ண மூடியே பத்து வருஷமாச்சு. மரம் இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆடாம இருந்தா."

மடித்த ஊறுகாயைப் பிரித்து, சாலிஹா கட்டிக்கொடுத்த சோற்றை இருவரும் ஜீப்பில் வைத்தே சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டுக் கிளம்பலாம் என்று அவர் விளக்கைப் போட்டார். மேட்டோரத்தில் நின்ற பனையின் கொண்டை பளிச்சென்று எரிந்தது. உச்சியில் ஒரு உருவம் கலயத்தோடு துள்ளியது.

"தண்டேலு! மறுபடியும் தூக்கிட்டீகளா?"

உம்மு ஹபீபா சிரித்த சிரிப்பில் கை கழுவிய செம்பு உருண்டு கீழே விழுந்தது. அவள் அப்படிச் சிரித்துத் தண்டேல் கடைசியாகக் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்கு முன்பு.

அதற்கப்புறம் தொண்டியில் பனைமரங்கள் அறிவிப்பு வேலையை விட்டுவிட்டன. ஊர் வேறு அடையாளம் வைத்துக்கொண்டது. ஜீப் இடப்பக்கம் சாய்ந்து வந்தால் தண்டேல் தனியாக வருகிறார். நிமிர்ந்து வந்தால் திரைக்குள்ளே ஆள் இருக்கிறது. கடைத்தெருவில் அது நிமிர்ந்து போன நாட்கள்தான் அதிகம்.

கூத்தையாவுக்கு மட்டும் அந்தச் சாய்வு உறுத்திக்கொண்டே இருந்தது. ராமநாதபுரம் போனபோது மறக்காமல் ஒரு பட்டை வாங்கிவந்து, எண்ணெய் தடவி வைத்துக்கொண்டு, தண்டேல் தனியாக வந்த ஒரு நாளில் வழிமறித்தார்.

"எடப்பக்கத்துக்குப் பட்டை வந்துருச்சு, மரைக்காரே. அரை மணி நேரந்தான். போட்டுட்டா நீங்க ஒத்தையாப் போனாலும் சாயாது."

தண்டேல் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பட்டை. திரும்பக் கொடுத்தார்.

"வேணாம், கூத்தையா. அவுக ஏறுனாச் சரியாயிரும்."